வியாபாரி எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க: டெண்டர், பத்திரம், பேரேடு

வயது 25 நிரம்பி, தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியிலாவது ஓட்டு இருந்தால் காரைக்குடியிலும் நிற்கலாம், திருப்பத்தூரிலும் நிற்கலாம். கடை, மில், லாரி வைத்திருப்பவர் கட்சியில் சீட்டுக் கேட்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது தன் பெயரில் உள்ள அரசு டெண்டரை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவுப்படி, மாநில அரசுக்குச் சரக்குக் கொடுக்கவோ வேலை செய்யவோ எடுத்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் நிற்கத் தகுதியில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு ஜல்லி அனுப்புகிறவரும் அரசு விடுதிக்கு மளிகை கொடுக்கிறவரும் இதில் மாட்டுவார்கள். கூட்டு வியாபாரத்தில் எடுத்த டெண்டர் பங்குதாரரையும் பிடிக்கும். வேலையை முழுதாக முடித்து, பில் பணம் மட்டும் பாக்கியென்றால் பயமில்லை. சட்டமே அதற்கு விலக்குத் தருகிறது. பாதியில் ‘விட்டுவிடுகிறேன்’ என்று கடிதம் கொடுத்தால் போதாது. ரத்து உத்தரவு மனுப் பரிசீலனைக்கு முன் கைக்கு வர வேண்டும். ஜெயித்தாலும் பதவிக்காலம் முழுக்க இதே தடைதான்.

அடுத்து படிவம் 26, சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். செட்டிநாட்டுக்காரருக்கு நேரம் பிடிப்பது இதுதான். பூர்வீக வீட்டில் பங்காளிகள் பத்துப் பேர் இருப்பார்கள். ‘பொது வீடுதானே’ என்று விட்டுவிடக் கூடாது. தன் பங்கு, பரப்பு, இன்றைய சந்தை மதிப்பு மூன்றையும் எழுத வேண்டும். மனைவி, சார்ந்திருப்போர், இந்துக் கூட்டுக் குடும்பம் ஆகியோருக்குத் தனித்தனிப் பத்தி உண்டு. நகைக்கு எடையும் மதிப்பும், வருமானத்துக்குக் கடைசி 5 ஆண்டுக் கணக்கும் கேட்பார்கள். கைமாற்றாகக் கொடுத்த பணமும் இதில் வரும், அதை மறந்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று நிரப்புங்கள். சுட்டிக்காட்டிய பிறகும் காலியாக இருந்தால் மனு தள்ளுபடியாகும்.

வேட்புமனு படிவம் 2பி. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பொன்னமராவதி சம்பந்தியைக் காரைக்குடி மனுவில் கையெழுத்துப் போட வைத்தால் செல்லாது. அவர் ஊர் திருமயம் தொகுதி. ‘இவர்தான் எங்கள் வேட்பாளர்’ என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் மனுத் தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் போய்ச்சேர வேண்டும். மனுக் கொடுத்ததும் அரசியல் சாசனத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை அங்கேயே எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளுக்குத் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டது.

மனுவுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். செலவு வரம்பு 40 லட்சம் (2022 முதல்). ஒரே ஆளுக்குத் தேர்தல் முழுவதிலும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது. கடை லாரி, கடைப் பையன்கள், அவர்களுக்குப் போட்ட சாப்பாடு எல்லாம் செலவுதான். ‘நம்ம வண்டிதானே’ என்று விடாமல் வாடகை போட்டு எழுத வேண்டும். கடைப் பேரேட்டையும் தேர்தல் பதிவேட்டையும் ஒரே கணக்குப்பிள்ளை எழுதினால் இரண்டும் கலந்துவிடும், வேறு ஆளை வையுங்கள்.

முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல். டெபாசிட் போனவரும் கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றிக் கொடுக்காதவரை 3 ஆண்டு தகுதிநீக்கம் செய்ய தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.