கைக்குழந்தையோடு கேம்பஸுக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கவோ ஆராய்ச்சிக்கோ கைக்குழந்தையோடு வந்திருக்கிறீர்களா? வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைந்து முடிப்பதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். அதற்கு முன்பே கேம்பஸில் பாலூட்டும் அறை எங்கே இருக்கிறது, அதைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள்.

இதைத் தள்ளிப்போட உடம்பு விடாது. குழந்தையை விட்டு வகுப்பில் இருக்கும்போது மணிக்கணக்கில் பால் எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு இறுகி வலிக்கும். சிலருக்கு அது சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரை போகும். பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். தேங்கிக்கொண்டே இருந்தால் சுரப்பு தானாகக் குறைந்துவிடும். குழந்தை சில மாதக் குழந்தை என்றால் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பம்ப் என்னும் கருவியால் பால் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். அறைக்கு நடப்பது, பாகங்களைக் கழுவுவது எல்லாம் சேர்த்தால் அரை மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். அதனால் உங்கள் வகுப்பு நடக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அறைதான் உங்களுக்கு உதவும். கேம்பஸின் மறுகோடியில் இருப்பது எவ்வளவு வசதியாக இருந்தாலும் பயனில்லை.

பல்கலைக்கழக வரைபடத்தில் தேடும்போது லாக்டேஷன் ரூம், நர்சிங் ரூம், பேரண்ட்ஸ் ரூம், வெல்னஸ் ரூம் என்று எல்லாப் பெயர்களையும் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாணவர் நல அலுவலகத்திலோ மனிதவளப் பிரிவிலோ கேளுங்கள். சில அறைகளுக்கு உங்கள் அடையாள அட்டையில் அனுமதி ஏற்றித் தர வேண்டும். அதற்குச் சில நாள் பிடிக்கலாம். கணவரின் படிப்புக்காக உடன் வந்தவர்களும் தயங்காமல் கேளுங்கள். வருகையாளர்களுக்கும் திறந்திருக்கும் அறைகள் உண்டு.

ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா? நாற்காலிக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா, உங்கள் பம்ப்பின் ஒயர் அதற்கு எட்டுமா? கை கழுவ சிங்க், பால் வைக்க ஃபிரிட்ஜ் இருக்கின்றனவா? சில இடங்களில் பலரும் பயன்படுத்தக்கூடிய பெரிய பம்ப் ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் மோட்டார் மட்டும்தான் பொது. குழாய், புனல், பாட்டில் எல்லாம் உங்களுடையதாக, அந்த மாடலுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும்.

'டாய்லெட்டில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அது குழந்தை குடிக்கப்போகும் பால். அமெரிக்காவில் 2022-இல் நிறைவேறிய பம்ப் சட்டப்படி, பெரும்பாலான ஊழியர்களுக்குக் குழந்தை பிறந்து ஓராண்டு வரை பால் எடுக்க நேரமும், கழிப்பறை அல்லாத, பிறர் பார்வை படாத இடமும் தர வேண்டும். மாணவர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமும் பல்கலைக்கழக விதியும் பொருந்தும். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும், ஆஸ்திரேலியாவில் 1984-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் பாலூட்டுவதைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கின்றன. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

நம்மில் பலருக்குப் பெரிய தடை கூச்சம்தான். வழிகாட்டிப் பேராசிரியர் ஆணாக இருந்தால் வாயே திறக்காமல் இருந்துவிடுகிறோம். விளக்கமெல்லாம் தேவையில்லை, நான்கே வரியில் ஒரு மின்னஞ்சல் போதும்: 'எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது. நாளில் இரண்டு முறை தாய்ப்பால் எடுக்கத் தலா அரை மணி நேரம் தேவைப்படும். காலை 11, மதியம் 2 மணி எனக்கு வசதி. அந்த நேரத்தில் கூட்டம் வைக்காமல் இருந்தால் உதவியாக இருக்கும்.' எழுத்தில் இருந்தால் பிறகு பேச்சு மாறாது. நீண்ட தேர்வுகளுக்கும் இப்படித்தான். இடைவேளை வேண்டும், அந்த நேரம் தேர்வு நேரத்தில் கழியக் கூடாது என்று தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். தேர்வு நாளன்று கேட்டால் கண்காணிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே இருக்கும் ஃபிரிட்ஜில் பாலை ஒருபோதும் வைக்காதீர்கள். ரசாயனமும் மாதிரிகளும் இருக்கும் இடம் அது. நீங்கள் கையாளும் பொருட்கள் பாலூட்டும் காலத்தில் பாதுகாப்பானவையா என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

எடுத்த பாலைப் பற்றி: 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். உறைந்த ஐஸ் பேக் போட்ட கூலர் பையில் 24 மணி நேரம். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் 4 நாள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை 8 நாள் வரை சொல்கிறது. பொது ஃபிரிட்ஜ் அடிக்கடி திறந்து மூடப்படுவதால் அன்றன்றைய பாலை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. பாட்டிலில் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள்.

பக்கத்தில் அறையே இல்லையா? காலியாக இருக்கும் அலுவலக அறை ஒன்றைக் குறிப்பிட்ட நேரங்களுக்கு ஒதுக்கித் தரச் சொல்லித் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கதவில் கண்ணாடி இருந்தால் மறைக்க ஒரு தாள், உள்பூட்டு, பிளக், நாற்காலி, இவ்வளவுதான் வேண்டும். கேட்டதும் ஏற்பாடு செய்துகொடுக்கும் துறைகள் நிறையவே இருக்கின்றன. மறுத்தால், எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மாணவர் சங்கத்துக்கோ சமவாய்ப்பு அலுவலகத்துக்கோ அனுப்புங்கள்.