மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து பறக்கப் போகிறவர்களுக்கு

2021 டிசம்பரில் அம்மாவை ரொறன்ரோவுக்கு அனுப்ப ஒரு வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வவுனியாவில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில், சும்மா இருக்கமாட்டாமல் ஃபைலைத் திறந்து பார்த்தேன். கொரோனா பிசிஆர் முடிவு நெகட்டிவ், பெயர் சரி, திகதி சரி, கடவுச்சீட்டு இலக்கத்தில் மட்டும் கடைசி இரண்டு எண்களும் இடம் மாறிக் கிடந்தன. அம்மாவிடம் சொன்னால், "வருத்தம் இல்லையெண்டுதானே எழுதிக் கிடக்கு, பிறகென்ன ராசா" என்கிறார்.

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் விமான நிலையக் கவுண்டரில் இருக்கிற பிள்ளை டொக்டர் இல்லை. உங்களுக்கு வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது அந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை. இந்தக் கடதாசி இந்தக் கடவுச்சீட்டுக்காரருடையதா, அந்த நாடு கேட்ட நேரத்துக்குள் எடுத்ததா, அந்த நாடு ஏற்கிற வகைச் சோதனையா, இவ்வளவுதான் பார்ப்பார். முன்னால் இருக்கிற கணினியில் டைமாட்டிக் என்று ஒன்று இருக்கும், எந்த நாட்டுக்காரர் எங்கே போக என்னென்ன கடதாசி வேண்டும் என்று அதில் வரும், அதையும் உங்கள் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பிழையான கடதாசியோடு ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் போய் இறங்கும் நாடு விமான நிறுவனத்துக்குத் தண்டம் போடும், ஆளைத் திருப்பிக் கொண்டுவருகிற செலவும் அவர்கள் தலையில். அதனால்தான் அங்கே இறங்கிய பிறகு நடக்கிற சோதனையைவிட இங்கே ஏற முன் நடக்கிற சோதனை கடுமையாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 இல் அறிவித்த கொரோனா அவசரநிலையை 2023 மே 5 இல் முடித்துவிட்டது, இப்போது யாரும் பிசிஆர் கேட்பதில்லை. ஆனாலும் இன்னொரு தொற்று வந்தால் கேட்கப் போகிற கடதாசி ஏறக்குறைய இதே மாதிரித்தான் இருக்கும், நம்மவர்கள் விடப்போகிற பிழையும் இதே பிழைதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலாவது, மணித்தியாலக் கணக்கு. சோதனை '72 மணித்தியாலத்துக்குள்' எடுத்திருக்க வேண்டும் என்றால் ரிப்போர்ட் கையில் கிடைத்த நேரத்திலிருந்து எண்ணுவது என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்துதான். ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம், முடிவு வந்த நேரம் என்று இரண்டு இருக்கும், சிலதில் இரண்டாவது மட்டும்தான் இருக்கும், அப்படியானால் அங்கேயே நின்று முதலாவதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்தது, எதுவரைக்கும் எண்ணுவது? இதுவும் நாட்டுக்கு நாடு வேறு. கனடா எண்ணியது, கனடாவுக்கு நேரே போகிற கடைசி விமானம் புறப்படுகிற நேரம் வரைக்கும். கட்டுநாயக்காவிலிருந்து ஏறுகிற நேரம் அல்ல.

ஒரு கணக்குப் பார்ப்போம். வெள்ளி விடிய 4 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறுகிறீர்கள், டோஹாவில் அங்கத்தைய நேரம் காலை 8 மணிக்கு அடுத்த விமானம். டோஹா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், ஆக நம் நேரத்துக்கு அது 10.30. அதிலிருந்து 72 மணித்தியாலம் பின்னால் போனால் செவ்வாய் காலை 10.30. செவ்வாய் காலை 9 மணிக்கு மாதிரி கொடுத்தவர் கட்டுநாயக்கா நேரத்தை வைத்துப் பார்த்தால் 67 மணித்தியாலம்தான் ஆகிறது என்று நிம்மதியாக இருப்பார், டோஹா நேரத்துக்கு அவர் ஒன்றரை மணித்தியாலம் வெளியே. இந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காக ரிக்கெற் காசு போகும்.

மற்றப் பக்கத்தாலும் இறுக்கம் இருக்கிறது, அதை இங்கேயிருந்து போகிறவர்கள்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். கொழும்பில் இருக்கிறவர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் விமான நிலையத்தில் நிற்பார். நமக்கு இரவு வான் என்றாலும் ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும், நான்கு மணித்தியாலம் முன்னதாகவும் நிற்க வேண்டும், அப்போ வெள்ளி விடிய 4 மணி விமானத்துக்கு வியாழன் பின்னேரம் 4 மணிக்குள் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். அதற்கு முன் ரிப்போர்ட் கையில் வந்து, வாசித்து, பிழை இருந்தால் திருத்தவும் நேரம் வேண்டும். ஆகவே செவ்வாய் மத்தியானத்துக்குப் பிறகு கொடுப்பதுதான் புத்தி. புதன் காலை கொடுத்தாலும் வரும்தான், ஆனால் பிந்தினால் ஒன்றும் செய்ய ஏலாது. இடையில் போயா நாள் விழுகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும் எத்தனை மணித்தியாலத்தில் முடிவு வரும், விடுமுறை நாளில் ஆள் இருப்பார்களா, பிழை இருந்தால் திருத்தித் தர யாரோடு கதைக்க வேண்டும், இந்த மூன்றையும் காசு கட்ட முன்னரே கேளுங்கள். ரசீதை எறிந்துவிடாதீர்கள், அதில் இருக்கிற இலக்கத்தைச் சொன்னால்தான் போனில் உங்களைத் தேடிப் பிடிப்பார்கள்.

வழியில் நிற்கிற நாடும் தனியாகக் கேட்கும். 2021 ஓகஸ்டில் டுபாய் வழியாகப் போக இலங்கையிலிருந்து மறுபடி விட்டபோது, புறப்படுவதற்கு 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ் முடிவை அதற்கும் காட்ட வேண்டியிருந்தது. போகிற நாட்டின் விதியை மட்டும் வாசித்துவிட்டுப் போனவர்கள் அங்கே நின்று முழித்தார்கள்.

சரி, பெயர். இது நம்மவர்களுக்கென்றே உள்ள தலையிடி. வீட்டில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று. தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் முழுதாக இருக்கும், தடுப்பூசி காட்டில் (அட்டையில்) ஒற்றை முதலெழுத்தாக நிற்கும். கலியாணம் முடித்த பெண்களுக்கு ஒரு கடதாசியில் தகப்பன் பெயர், மற்றதில் புருஷன் பெயர். 'ராஜா' என்று முடிகிற பெயர் என்றால் ஆங்கிலத்தில் கடைசியில் எச் போடுவதா விடுவதா என்று ஆளுக்கொரு விதம். ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, கவுண்டரில் அது வேறொரு ஆள். அதனால் சோதனைக்குப் போகும்போது பெயரை வாயால் சொல்லாதீர்கள், கடவுச்சீட்டையே நீட்டுங்கள், பார்த்துப் பதிவார்கள். பதிந்ததை அந்த இடத்திலேயே திரையில் காட்டச் சொல்லி வாசியுங்கள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கூச்சப்பட வேண்டாம்.

இலக்கமும் அப்படித்தான். நம் கடவுச்சீட்டு இலக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் ஏழு எண்களும், ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். ஊரில் எங்கே போனாலும் அடையாள அட்டை இலக்கம் கேட்டுப் பழகிவிட்டதால் சிலர் அதையே கொடுத்துவிட்டு வருவார்கள், வெளிநாட்டுக்காரனுக்கு அது ஒன்றுமே விளங்காது. பயணத்துக்கு முன் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் பழைய இலக்கம் போட்ட கடதாசிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மாற்ற முடியாவிட்டால் பழைய கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். திகதி 04/06 என்று மட்டும் இருந்தால் அது ஏப்ரலா ஜூனா என்று அமெரிக்கப் பக்கத்தில் குழம்புவார்கள், மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

தடுப்பூசி விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொன்னால் வேறு ஆட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் 2021 மே கடைசியில் சினோபாம் என்கிற கொரோனா ஊசி போடத் தொடங்கினார்கள், உலக சுகாதார நிறுவனம் அதே மாதம் 7 ஆம் திகதியே அதை அங்கீகரித்திருந்தது. ஆனாலும் பிரித்தானியா நவம்பர் 22 வரைக்கும், கனடா நவம்பர் 30 வரைக்கும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு ஊசியும் போட்டு, காட்டும் வைத்திருந்த ஒருவர் அதுவரைக்கும் அந்த நாடுகளுக்கு ஊசி போடாதவர்தான். அதனால் 'ஊசி போட்டாச்சு' என்பது காணாது, எந்த ஊசி, எந்தத் திகதி, அந்த நாட்டின் பட்டியலில் இருக்கிறதா, இரண்டாவது போட்டு 14 நாள் கழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கையால் எழுதித் தந்த காட் ஊருக்குப் போதும், வெளியே போகச் சுகாதார அமைச்சு தந்த கியூஆர் போட்ட சான்றிதழை எடுப்பதுதான் நல்லது. அந்தக் கியூஆரை வீட்டிலேயே போன் கமராவில் காட்டிப் பாருங்கள், திறக்கிற பக்கத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று.

வருத்தம் வந்து மாறியவருக்குத் தனிச் சோலி. பிசிஆர் செத்த வைரசின் மிச்சத்தையும் பிடிக்கும், ஆள் சுகமாகி வாரக்கணக்கான பிறகும் பொசிட்டிவ் காட்டலாம். 2022 ஜனவரியிலிருந்து கனடா, 10 நாளுக்கு மேல் 180 நாளுக்குள் எடுத்த பழைய பொசிட்டிவ் ரிப்போர்ட்டையே காட்டி ஏறலாம் என்று விட்டது. வெட்கத்தில் அந்த ரிப்போர்ட்டைக் கிழித்து எறிந்தவர்கள் பிறகு அதைத் தேடித் திரிந்தார்கள்.

போனில் நிரப்புகிற படிவங்களும் இருந்தன, கனடாவுக்கு அரைவ்கான், இந்தியாவுக்கு எயார் சுவிதா, பிரித்தானியாவுக்கு இன்னொன்று. நிரப்புவது கஷ்டமில்லை, அங்கே தங்கப் போகிற வீட்டின் விலாசமும் போஸ்ட் கோட்டும் தெரியாமல்தான் பலர் கவுண்டருக்கு முன்னால் நின்று அண்ணன்மாருக்கு வாட்ஸ்அப் அடிப்பார்கள், அண்ணனுக்கு அப்போது அங்கே நடுச்சாமம். நிரப்பி முடிந்ததும் வருகிற ரசீதைப் படம் பிடித்து வையுங்கள். கடதாசியிலும் பிரிண்ட் எடுங்கள், இரண்டு பிரதி. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது, சார்ஜ் செத்த போனைக் காட்டி யாரும் விமானம் ஏற முடியாது.

இனி கவுண்டர். எல்லாக் கடதாசியையும் ஒரேயடியாக அள்ளி நீட்டாதீர்கள், கேட்பதை மட்டும் கொடுங்கள். கடவுச்சீட்டும் ரிக்கெற்றும் மேலே, பிறகு சோதனை ரிப்போர்ட், பிறகு தடுப்பூசி, பிறகு படிவ ரசீது என்று அடுக்கி வைத்தால் கை நடுங்காது. வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் உள்ளே உங்களை விடமாட்டார்கள், ஆகவே எந்தக் கடதாசி எதற்கு என்று ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் தமிழில் எழுதி விடுங்கள். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தேன், 'மூக்கு', 'ஊசி', 'கனடா போம்' என்று.

ஏற்ற முடியாது என்று சொன்னால் சத்தம் போட்டுப் பயன் இல்லை. எந்த விதியில் பிழை என்று கேளுங்கள், மேலாளரோடு கதைக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கத்தை அன்றைய திகதியோடு பிரிண்ட் எடுத்திருந்தால் நீட்டுங்கள். கவுண்டர்காரரும் பிழை விடுவார், விதிகள் வாரத்துக்கு வாரம் மாறிய காலத்தில் நிறைய விட்டார்கள். எழுத்துப் பிழைதான் என்றால் சோதனைக்கூடத்துக்கு அடித்து, திருத்திய பிடிஎஃப்பை ஈமெயிலில் அனுப்பச் சொல்லலாம். எதுவுமே சரிவராவிட்டால், பேசாமல் வெளியே வந்து வான் ஏறிவிடாதீர்கள், கவுண்டர் மூட முன் ரிக்கெற்றை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். வராத ஆள் என்று பதிந்தால் அடுத்த விமானமும், திரும்பி வருகிற ரிக்கெற்றும் சேர்ந்தே செத்துவிடும்.

இதெல்லாம் கொரோனாவோடு போய்விட்டது என்று நினைத்தால், மஞ்சள் காய்ச்சல் காட் இன்னும் இருக்கிறது. ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளுக்குப் போகிறவர்களும், அங்கேயிருந்து வருகிறவர்களும் அதைக் காட்ட வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் காட் செல்லுபடியாகும், 2016 ஜூலைக்குப் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும், புதுப்பிக்கத் தேவையில்லை. இங்கே அதைப் போட கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும், ரிக்கெற் போட்ட கையோடு அந்தப் பயணத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும், நேற்று உகண்டாவிலிருந்து வந்து இன்று சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகிற அண்ணர் என்றால் காட் இல்லாமல் ஏற வேண்டாம், இந்தியா இதில் விட்டுக்கொடுக்காது, 6 நாள் வரைக்கும் தனியே வைத்துவிடும்.

அம்மாவின் கதை என்னவாயிற்று என்றால், வவுனியாவிலிருந்தே அடித்தேன், சோதனைக்கூடத்தில் ஒரு தங்கச்சி எடுத்து, ரசீது இலக்கத்தைக் கேட்டு, குருநாகல் வர முன் திருத்தி அனுப்பிவிட்டா. அதைப் பிரிண்ட் எடுக்கக் கடை தேடித்தான் நேரம் போனது. கவுண்டரில் இலக்கத்தை இரண்டு தரம் பார்த்தார்கள்.