தானியங்கிக் கேமரா படங்களில் விலங்கு உள்ளவற்றை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் 2010இல் தொடங்கிய ஸ்னாப்ஷாட் செரங்கெட்டி ஆய்வுக்காக, 1,125 சதுர கிலோமீட்டர் பரப்பில் 225 தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவை எடுத்து, தன்னார்வலர்கள் வகைப்படுத்திய 32 லட்சம் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கில் விலங்கே இல்லை. வெயிலில் சூடேறிய புல் காற்றில் அசைந்தாலே, வெப்ப மாற்றத்தை உணரும் அகச்சிவப்பு உணரி படமெடுக்கத் தூண்டிவிடும். இந்த வெற்றுப் படங்களை ஒதுக்கும் வேலையை மெகாடிடெக்டர் என்ற இலவச செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் விடலாம். பழகுவதற்குச் செரங்கெட்டிப் படங்களே, இத்தகைய படத் தொகுப்புகளைப் பகிரும் லைலா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 1: ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் தனிக் கோப்புறை அமைத்து, மூலப் படங்களின் நகலை வேறொரு வட்டில் சேமியுங்கள்.

படி 2: ஆடாக்ஸ்ஏஐ செயலியை நிறுவுங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் மெகாடிடெக்டரை இயக்க இது உதவுகிறது. கோப்புறையையும் மாதிரியையும் தேர்ந்தெடுத்து இயக்கினால் போதும்.

படி 3: மாதிரி ஒவ்வொரு படத்திலும் விலங்கு, மனிதர், வாகனம் ஆகிய மூன்றை மட்டுமே தேடி, கண்டதைச் சுற்றிக் கட்டமிட்டு, 0 முதல் 1 வரை ஒரு நம்பக மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பதை வெற்றுப் படமாகக் கொள்வது என்பதே இவ்வேலையின் மையமான முடிவு. மெகாடிடெக்டரின் ஐந்தாம் பதிப்புக்கு 0.2 நல்ல தொடக்கம். அதை உயர்த்தினால் பார்க்க வேண்டிய படங்கள் குறையும். ஆனால் புல்லுக்குள் முதுகு மட்டும் தெரியும் முள்ளம்பன்றி வெற்றுப் படங்களோடு போய்விடும். நூறு வெற்றுப் படங்களைக் கூடுதலாகப் பார்ப்பதைவிட அரிய விலங்கு ஒன்றை இழப்பது பெரிய நட்டம் என்பதால், நான் எப்போதும் தாழ்வான அளவையே பரிந்துரைப்பேன். ஒரே தூண்டலில் அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒன்றில் விலங்கு இருந்தாலும் மூன்றையும் சேர்த்தே வைத்திருங்கள்.

படி 4: ஒதுக்கியவற்றை உடனே அழிக்காமல், ஒவ்வொரு கேமராவிலிருந்தும் சில நூறு படங்களையாவது கண்ணால் பாருங்கள். விலங்கு என்று குறித்தவற்றில், பல படங்களில் அதே இடத்தில் கட்டம் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் பாறையோ மரக்கிளையோதான்.

படி 5: மெகாடிடெக்டர் இனத்தைச் சொல்லாது. அதற்குக் கூகுள் 2025இல் வெளியிட்ட ஸ்பீசிஸ்நெட்டைப் பயன்படுத்தலாம். உறுதியில்லாதபோது அது இனப்பெயரைத் தவிர்த்துக் குடும்பம், வரிசை போன்ற மேல்நிலைப் பெயரைத் தருகிறது. செரங்கெட்டியின் வரிக்கழுதைப்புலியும் அதன் சிறிய உறவினமான ஆர்டுவுல்ஃபும் இரவுப் படத்தில் ஒன்றுபோலத் தோன்றக்கூடியவை. அத்தகைய படங்களை மட்டும் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி முடிவுசெய்யுங்கள்.