வெளிக்காதுத் தொற்று: சொட்டு மருந்து போடும் முறையும் வலியைத் தணிக்கும் வழியும்

வெளிக்காதுத் தொற்று அடிப்படையில் ஒரு தோல் நோய். காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை போகும் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம் இருக்கும். உள்ளே போகப் போக அதன் தோல் மிக மெல்லியதாகி எலும்போடு ஒட்டிக் கிடக்கும். வீங்கினால் விரிய இடமே இல்லை. சிறிய வீக்கத்துக்கே உயிர் போகிற மாதிரி வலிப்பது அதனால்தான். மருந்து அந்தத் தோலில் போய்ப் பட வேண்டும், தோல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினால் நல்ல மருந்தும் பலிக்காது.

காதுக் குரும்பியை அழுக்கு என்று நினைத்துக் குடைந்து எடுப்பதில்தான் பெரும்பாலும் வினை தொடங்குகிறது. குரும்பி லேசான அமிலத்தன்மை உள்ளது, எண்ணெய்ப்பசை கொண்டது. தண்ணீரும் கிருமிகளும் தோலில் ஊறாமல் தடுப்பது அதுதான். பட்ஸ், ஹேர்பின், நீச்சல், மணிக்கணக்கில் இயர்போன் என்று அந்தப் பூச்சு போய்விட்டால், தோலின் சிறு கீறல் வழியாகச் சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நுழைந்துவிடும்.

படி 1: இதுதானா என்று பாருங்கள்

காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். துவாரத்துக்கு முன்னால் மேடாக இருக்கும் சிறு குருத்தெலும்பையும் அழுத்திப் பாருங்கள். வலி சுள்ளென்று கூடினால் பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்றுதான். அரிப்பு, காது அடைப்பு, நீர் அல்லது சீழ் வடிதல், மெல்லும்போது வலி ஆகியவையும் சேர்ந்து வரும். சளி, காய்ச்சலோடு வலி வந்து, மடலை இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது நடுக்காதுப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

படி 2: மருந்துக்கு முன் மருத்துவர்

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தைப் போட்டுவிடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நியோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் உட்காதுக்குள் இறங்கிக் கேட்கும் திறனையே பாதிக்கலாம். ஓட்டை இருக்கிறதா என்பது கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் பாக்டீரியாவுக்கான மருந்து அதை இன்னும் வளர்த்துவிடும். வலியைவிட அரிப்பு அதிகம், வெள்ளைப் படலம், கறுப்புப் புள்ளிகள் என்பவை அதன் அடையாளம்.

மருத்துவர் முதலில் குழாயில் தேங்கிய சீழையும் உரிந்த தோலையும் உறிஞ்சியோ துடைத்தோ எடுப்பார். அதைத் தவிர்க்காதீர்கள், கசடு அடைத்திருந்தால் மருந்து அதன் மேலேயே நின்றுவிடும். குழாய் மூடும் அளவுக்கு வீங்கியிருந்தால் ஒரு மெல்லிய திரியை உள்ளே வைப்பார். மருந்தை அந்தத் திரியின் மேல் விட்டால் அது உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். வீக்கம் வடிந்ததும் திரி தானே வெளியே விழுந்துவிடலாம், பயப்பட வேண்டாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்: தூங்கவிடாத ஆழமான வலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், அதிகக் காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், மடலுக்கும் கன்னத்துக்கும் பரவும் சிவப்பு. சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சாதாரணக் காதுவலி என்று காத்திருக்கவே கூடாது. அவர்களுக்கு இந்தத் தொற்று மண்டை எலும்புக்குள் பரவும் ஆபத்து உண்டு.

படி 3: சொட்டு மருந்து போடுதல்

பலருக்கும் இங்கேதான் தவறுகிறது. உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டு, உடனே நிமிர்ந்தால் மருந்து கழுத்தில்தான் வழியும்.

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பாட்டிலை உள்ளங்கையில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்திருங்கள். குளிர்ந்த மருந்து பட்டால் தலை கிறுகிறுக்கும். சுடுநீரில் வைக்க வேண்டாம்.
2. துவாரத்துக்கு வெளியே வடிந்திருப்பதை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். கலங்கலான மருந்தாக இருந்தால் பாட்டிலைக் குலுக்குங்கள்.
3. நோயுள்ள காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். முடிந்தால் வேறொருவர் மருந்து விடட்டும்.
4. பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக. வளைந்த குழாய் நேராகும்.
5. சீட்டில் எழுதிய சொட்டுகளைக் குழாயின் பக்கச் சுவரில் வழிந்து இறங்கும்படி விடுங்கள். நடுவில் விட்டால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு மருந்து இறங்காது. பாட்டில் முனை காதில் படக் கூடாது.
6. முன்னால் இருக்கும் அந்தக் குருத்தெலும்பை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி விடுங்கள்.
7. மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். எழுந்ததும் வழிவதைத் துடையுங்கள். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்.

மருந்து பொதுவாக 7 முதல் 10 நாள் வரை. இரண்டு மூன்று நாளில் வலி குறைய ஆரம்பிக்கும். குறைந்ததே என்று நிறுத்தினால் திரும்ப வரும். மூன்று நாளாகியும் மாற்றம் இல்லையென்றால் மறுபடி காட்டுங்கள். மடலிலும் தோலிலும் புதிதாகத் தடிப்பும் கடும் அரிப்பும் வந்தால் மருந்தே ஒவ்வாமல் போயிருக்கலாம். நியோமைசினில் இது சற்று அதிகம். மாத்திரை தரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சொட்டு மருந்து தோலில் சேர்க்கும் வீரியத்தை மாத்திரையால் எட்ட முடியாது.

படி 4: வலி

முதல் இரண்டு நாள் வலி மாத்திரை கட்டாயம் தேவைப்படலாம். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4000 மி.கி. தாண்டாமல். கல்லீரல் நோய் இருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் குறைக்கும்; ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவு. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வெதுவெதுப்பான உலர்ந்த துணியைக் காதின்மேல் பத்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, ஹைட்ரஜன் பெராக்சைடு, காதில் சொருகி எரிக்கும் காது மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். புண்பட்ட தோலை இவை இன்னும் எரிக்கும்.

படி 5: ஈரம் படாமல்

குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைத் துவாரத்தின் வாயில் மட்டும் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நீச்சலும் இயர்போனும் கூடாது. காது கேட்கும் கருவி அணிபவர்கள் முடிந்தவரை கழற்றி வையுங்கள். மறுபடி போடும்முன் கருவியின் காதுக்குள் பொருந்தும் அச்சைச் சுத்தம் செய்யுங்கள்.

குணமான பிறகும் தண்ணீர் புகுந்தால் தலையைச் சாய்த்து மடலைப் பல பக்கமும் இழுத்து வடியவிடுங்கள். ஹேர் டிரையர் என்றால் மிகக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். அடிக்கடி நீந்துபவர்கள் நீந்திய பின் அசிட்டிக் அமிலச் சொட்டு போடலாம். செவிப்பறை முழுதாக இருப்பது உறுதியானால் மட்டும்.