கால் ஆஃப் கத்துலு: முதல் திகில் ஆட்டத்தை நடத்துவது எப்படி?

மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு திகில் கதையை உருவாக்கும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டு இது. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து, கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்டது. ஆடுபவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடிப்பார்கள்; அவை பத்திரிகையாளர், மருத்துவர், பேராசிரியர் போன்ற சாதாரண மனிதர்கள். வாளும் மந்திரமும் கையில் கிடையாது. கதையை நடத்துபவருக்குக் கீப்பர் என்று பெயர். முதன்முறை கீப்பராக உட்காரப் போகிறவருக்காகத்தான் இந்தப் பதிவு.

1. பொருள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

தடித்த விதிநூலை இப்போதே வாங்க வேண்டாம். கேயாசியம் தளத்தில் குயிக் ஸ்டார்ட் என்ற சுருக்க விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதிலேயே ‘தி ஹான்டிங்’ என்ற கதையும் இருக்கிறது. 1920களின் பாஸ்டன் நகரம், யாரும் குடியிருக்கத் தயங்கும் ஒரு வீடு, உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வீட்டுக்காரர். முதல் ஆட்டத்துக்கு இதுவே போதும். பத்து முகப் பகடை இரண்டு, அதோடு நான்கு முக, ஆறு முக, எட்டு முகப் பகடைகள், பென்சில், கதாபாத்திரங்களின் விவரங்களைக் குறிக்கும் தாள்கள், அவ்வளவுதான்.

2. தொடங்கும் முன் பேசிவிடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. இந்த ஆட்டத்தில் சாவும் மனம் உடைவதும் வரும். யாருக்கு எது வேண்டாம் என்று முதலிலேயே கேளுங்கள். மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டையை வையுங்கள். யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிடுங்கள். ஆட்டத்தின் மூலக்கதைகளை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டிடம் இனவெறி வெளிப்படையாகவே இருந்தது. அந்த நஞ்சு பழைய கதைகளில் ஊறியிருக்கிறது. அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

3. பகடையைப் பழக்குங்கள்

இங்குதான் ஆட்டத்தின் முதல் பலம் தெரியும். திறமைகள் எல்லாம் சதவீதத்தில் இருக்கும். பத்து முகப் பகடை இரண்டையும் சேர்த்து உருட்டி, ஒன்றைப் பத்துகளாகவும் மற்றதை ஒன்றுகளாகவும் படித்தால் 1 முதல் 100 வரை ஓர் எண் வரும். நூலகத்தில் தேடும் திறமை 60 என்றால், பகடையில் 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். வேலை கடினம் என்றால் அதில் பாதி, 30. மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒன்று, 12. புதியவர்களும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

4. துப்புகளைப் பகடையிடம் விட்டுவிடாதீர்கள்

என் பார்வையில் பெரிய பலவீனம் இதுதான். கதை நகர ஒரு பழைய கடிதம் கிடைத்தே ஆக வேண்டும். தேடியவர் பகடையில் தோற்றுவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் முக்கியமான துப்பு எதுவோ, அதைச் சரியான இடத்தில் தேடினாலே கொடுத்துவிடுங்கள். கூடுதல் விவரத்துக்கும் நேரம் மிச்சமாவதற்கும் மட்டும் பகடை உருட்டச் சொல்லுங்கள்.

தோற்ற பகடையை மறுபடி உருட்ட ‘புஷ்’ என்று ஒரு விதி உண்டு. இந்த முறை வேறு என்ன செய்கிறேன் என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். அதிலும் தோற்றால் மோசமான விளைவு வரும். அந்த விளைவை உருட்டுவதற்கு முன்பே லேசாகக் கோடிகாட்டுங்கள். சண்டைக்கும், அடுத்து வரும் சானிட்டி என்ற மனத்தெளிவுக்கும் இந்த விதி பொருந்தாது.

5. சானிட்டியை மெதுவாகக் கரையுங்கள்

இந்த ஆட்டத்தின் உயிர் இதில்தான். ஒவ்வொருவருக்கும் மனத்தெளிவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. பயங்கரமான எதையாவது பார்த்தால் அதை வைத்துப் பகடை; தோற்றால் எண் குறையும். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் அறிவுத்திறனுக்கு ஒரு பகடை. அதில் ஜெயித்தால்தான் ஆபத்து! பார்த்தது என்ன என்று புத்திக்கு முழுசாகப் புரிந்துவிட்டது, அதனால் தற்காலிகமாக நிலைகுலைகிறார். புரியாதவர் தப்பித்துக்கொள்கிறார். லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் கத்துலு போன்ற பயங்கரங்களைப் பற்றிய அறிவு கூடக் கூட, சானிட்டியின் உச்சவரம்பும் அதே அளவு இறங்கும். அந்த அறிவைத் தரும் ஒரு பழைய நூலைப் படித்தால் மர்மம் தெளியும், ஆனால் படித்தவர் தேய்வார். படிக்கலாமா வேண்டாமா என்று ஆடுபவர்கள் வாதாடும் நிமிடங்களில் வரும் பயத்தை, நீங்கள் எவ்வளவு வர்ணித்தாலும் வரவழைக்க முடியாது.

நிலைகுலைந்தவரைக் கோமாளியாக்கிச் சிரிக்க இடம்கொடுக்காதீர்கள். ஓடுகிறாரா, உறைந்து நிற்கிறாரா, நண்பனையே அடையாளம் தெரியவில்லையா என்பதோடு நிறுத்துங்கள்.

6. சண்டையைக் குறையுங்கள்

எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி பலருக்கு 10, 12தான் இருக்கும். ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு 10 வரை பறிக்கலாம். ஆசையாக வளர்த்த கதாபாத்திரம் இரண்டே நிமிடத்தில் போய்விடும். நீண்ட தொடராக ஆட நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. ஓடுவதும் ஒளிவதும் நல்ல முடிவுகளே என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஆளுக்கொரு மாற்றுக் கதாபாத்திரமும் தயாராக இருக்கட்டும். முழு விதிநூலில் துரத்தல் விதிகளுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது, முதல் சில ஆட்டங்களுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

7. முடிந்ததும்

மர்மத்தைத் தீர்த்திருந்தால் கதை சொல்லும் அளவுக்குச் சானிட்டியைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், பிழைத்தவர்கள் தாம் ஜெயித்த ஒவ்வொரு திறமைக்கும் மறுபடி பகடை உருட்டலாம். இப்போது அந்தத் திறமையின் எண்ணுக்கு மேலே விழுந்தால்தான் அது வளரும்.