பெயரை உடனே பதியுங்கள், கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள்

காட்டுத்தீயில் எங்கள் தெரு முழுக்கப் போனது. கார் நின்ற இடத்தில் சக்கரத்தின் அலுமினியம் உருகி, தரைச் சரிவில் ஓடி, பளபளவென்று உறைந்து கிடந்தது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு அதைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி உள்ளே தேட எதுவும் இருக்காது என்று திரும்பிவிட்டேன். அது தப்புக் கணக்கு, பிறகு சொல்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டரை வருடம் படிவமும் போனும் வரிசையுமாகப் போனது. இப்போது எங்காவது தீ என்று செய்தி வந்தால், யாராவது என்னைக் கூப்பிட்டு "முதலில் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்கள். சில வேலைகளை இன்றைக்கே முடிக்க வேண்டும். சிலவற்றை யார் நெருக்கினாலும் தள்ளிப் போட வேண்டும். நான் இரண்டையும் மாற்றிச் செய்தவள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது பெயர் பதிவது. நிவாரண மையம், அரசின் பேரிடர் உதவி, உள்ளாட்சிப் பட்டியல், செஞ்சிலுவைச் சங்கம், எங்கே பட்டியல் எடுத்தாலும் பெயர் கொடுங்கள். நான் மூன்று வாரம் போகவில்லை. தங்க ஒரு அறை இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அந்தப் பட்டியல் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு மட்டும் என்று நினைத்தது என் மடத்தனம். தற்காலிக வீடு, இடிபாடு அகற்றுவது எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் பெயர் எடுத்தார்கள். பதிவுக்குக் கெடுவும் உண்டு. அமெரிக்காவில் ஃபெமா என்ற அரசின் பேரிடர் உதவி அமைப்பு பொதுவாகப் பேரிடர் அறிவித்ததிலிருந்து 60 நாள் தருகிறது. மற்ற இடங்களில் வேறு கணக்கு. வாடகைக்கு இருந்தவர்கள் "வீடு நம்முடையது இல்லையே" என்று ஒதுங்க வேண்டாம். எரிந்த கட்டிலும் துணியும் உங்களுடையவைதானே.

பதிந்த பிறகு "தகுதி இல்லை" என்று ஒரு கடிதம் வரலாம். எனக்கு வந்தது. கசக்கிப் போட்டுவிட்டேன், கணவர் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் படித்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில், இன்சூரன்ஸ் எவ்வளவு தருகிறது என்ற கடிதத்தை இணைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. ஒரு காகிதம் குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். முதல் மறுப்பை முடிவு என்று எடுத்துக்கொள்ளாமல், மேல்முறையீட்டுக் கெடுவைத் தேடிப் பிடித்து அதற்குள் அனுப்புங்கள்.

அடுத்தது ஒரு நோட்டு. கோடு போட்ட, சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு போனுக்கும் ஒரு பத்தி: தேதி, மணி, பேசியவர் பெயர், அவர் சொன்னது, அடுத்து எப்போது பேசுவதாகச் சொன்னார் என்பது. எங்கள் இன்சூரன்ஸ் க்ளெய்மைப் பார்த்த மதிப்பீட்டாளர் மூன்று முறை மாறினார். மூன்றாவதாக வந்தவர், "வாடகையை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பதாக எங்களில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே" என்றார். நான் பக்கத்தைப் புரட்டி, நாளையும் மணியையும் சொன்னவர் பெயரையும் வாசித்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுநாள் நீட்டிப்பு ஈமெயிலில் வந்தது. செல்போனில் குறித்தாலும் சரிதான். ஆனால் எனக்குக் கைநடுக்கத்தில் எழுதத்தான் முடிந்தது, தட்ட முடியவில்லை.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியின் முழு நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சுருக்கம் போதாது. கட்டடம், உடைமைகள், வெளியில் தங்கும் செலவு, இடிபாடு அகற்றுவது, புதிய கட்டட விதிகளால் கூடும் செலவு என்று தலைப்புகள் பல பாலிசிகளில் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் ஒளிந்திருக்கும். தேய்மானம் கழித்துத் தருகிறார்களா, புதிதாக வாங்கும் விலை தருகிறார்களா என்பதையும் பாருங்கள். பல பாலிசிகளில் முதலில் தேய்மானம் கழித்த தொகை வரும். மீதி, பொருளை வாங்கி ரசீது காட்டிய பிறகுதான்.

உடைமைப் பட்டியல்தான் கொடுமை. உட்கார்ந்து யோசித்தால் டிவியும் சோபாவும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் செய்தது இது: ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்வோம். ஒருவர் நடப்பார், ஒருவர் எழுதுவார். இடதுபக்கம் என்ன, மேல் இழுப்பறையில் என்ன, அதற்கடியில் என்ன. கத்தரிக்கோல் இரண்டா நான்கா என்று சண்டை போட்டோம். ஒரு இரவுக்கு ஒரு அறைக்கு மேல் முடியாது, அழுகை வந்துவிடும். உறவுக்காரர்களிடம் உங்கள் வீட்டில் எடுத்த பழைய போட்டோக்களைக் கேளுங்கள். எங்கள் பையனின் பிறந்தநாள் படத்தில் அவன் தலைக்குப் பின்னால் புத்தக அலமாரி முழுசாகத் தெரிந்தது. இணையத்தில் வாங்கியவற்றின் பழைய ஆர்டர் விவரங்களும் அப்படியே கிடைக்கும்.

இனி, தள்ளிப் போட வேண்டியவை. முதல் வாரத்திலேயே காகிதத்தோடு ஆட்கள் வருவார்கள்: வீடு கட்டித் தருகிறேன், க்ளெய்ம் வாங்கித் தருகிறேன், எனக்கு இத்தனை சதவீதம் என்று. எல்லாரும் மோசக்காரர்கள் இல்லை. ஆனால் இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிம எண்ணை வாங்கி, கொடுத்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்கவே கூடாது. இன்சூரன்ஸிடம் அவசரச் செலவுக்கு அட்வான்ஸ் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதற்காகக் கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில், இனி மேற்கொண்டு கேட்கமாட்டேன் என்று பொருள்படும் "முழுத் தீர்வு" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

சாம்பலை அள்ளுவதையும் தள்ளிப் போடுங்கள். எரிந்த வீட்டின் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்லை. பழைய வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸும் பெயின்டில் ஈயமும் இருக்கலாம். கரையான் அரிக்காமல் மருந்தேற்றிய பழைய மரத்தின் சாம்பலில் ஆர்செனிக் இருக்கலாம். ஈரம் பட்டால் சாம்பல் காரமாகித் தோலை அரிக்கும். நீங்களே அள்ளத் தொடங்கினால், அரசு இலவசமாக அகற்றும் திட்டத்தில் இடம் போகவும் வாய்ப்புண்டு, கேட்டுவிட்டுத் தொடுங்கள். நினைவுப் பொருள் தேட மட்டும் போவதென்றால் என்95 முகக்கவசம், கையுறை, முழுக்கை, தடித்த பூட்ஸ் போட்டு, தூசி பறக்காத அளவுக்கு மட்டும் சாம்பலை லேசாக நனைத்துக்கொண்டு, தோலில் படாமல் போங்கள். குழந்தைகள் வேண்டாம். மரம் நின்ற இடத்தருகே கோலால் தட்டித் தட்டி நடங்கள். வேர் மண்ணுக்குள்ளேயே எரிந்து குழியாகியிருக்கும், மேலே தெரியாது. பெட்டகம் கிடைத்தால் நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். உள்ளே சூடு இருந்தால், காற்று பட்டதும் காகிதம் பற்றிக்கொள்ளும்.

தேட எதுவும் இருக்காது என்று நினைத்தேன் இல்லையா? பீங்கான் முதலிலேயே சூளையில் வெந்து வந்தது, அதனால் பல சமயம் தப்பிவிடும். சல்லடையில் ஒரு மூலையைச் சலித்தபோது பையன் மண்ணில் செய்து சூளையில் சுட்ட கோணல் கோப்பை வந்தது, பிடி மட்டும் இல்லை. தங்கம் 1064 டிகிரியில் உருகும். நகை நகையாகக் கிடைக்காமல் சின்ன உருண்டையாகக் கிடைக்கலாம். கல் என்று எறிந்துவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2017இல் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவிலும், 2018இல் பாரடைஸிலும் தீக்குப் பிறகு குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். அழுத்தம் குறைந்த குழாய்க்குள் புகை இழுக்கப்படுவதும், பிளாஸ்டிக் குழாய் வெந்துபோவதும் காரணம். காய்ச்சினால் இது சரியாகாது. ஆவி வீட்டுக்குள் பரவும். சோதனை முடிவு வரும்வரை குழாய்த் தண்ணீரில் குடிக்கவும் குளிக்கவும் அவசரம் வேண்டாம்.

மழை வரும் காலத்தையும் கணக்கில் வையுங்கள். எரிந்த சரிவு தண்ணீரை உறிஞ்சாது. கலிஃபோர்னியாவில் 2017 டிசம்பரில் "தாமஸ்" என்று பெயரிட்ட காட்டுத்தீ எரித்த மலையிலிருந்து 2018 ஜனவரி 9 அன்று சேறும் பாறையும் மான்டெசிட்டோவில் இறங்கி 20க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வீடு தப்பியது என்று சரிவின் அடியில் நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மறுபடி கட்டும்போது: தீச்சுவர் வந்து வீட்டைத் தின்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் வீட்டைப் பிடிக்கிறது. கூரைக் காற்றுத்துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறிய கண்ணுள்ள உலோக வலை, தீப்பிடிக்காத கூரை, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் செடியோ மரத்தூளோ விறகோ இல்லாத வெறும் தரை. வீட்டைத் தொடும் மரவேலி திரி மாதிரி. கடைசித் துண்டையாவது உலோகமாக்குங்கள். பழைய அஸ்திவாரம் நன்றாகத் தெரிந்தாலும் சூட்டில் கான்கிரீட் பலம் இழந்திருக்கும். பொறியாளர் பார்க்காமல் அதன்மேல் கட்டக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 தீ 173 பேரைக் கொண்டுபோனது. அதன்பின் அங்கே பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தனித்தனியாக வழிகாட்டும் அலுவலர்களைப் போட்டார்கள். உங்கள் இடத்தில் அப்படி யாராவது உண்டா என்று கேளுங்கள். ஒரே கதையைப் பதினைந்து மேஜையில் சொல்வது, தீயைவிட என்னை உடைத்தது. மூன்றாம் நான்காம் மாதம், உதவிக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு, தூக்கம் போகும். மனநல ஆலோசகரிடம் அப்போது போங்கள். பையன் முதலில் போனான், நான் அவன் பின்னால் போனேன்.

கடைசியாக, நிலத்துக்கு விலை கேட்டு வருகிறவர்கள். எங்களுக்கு ஒன்பதாம் நாளே போன் வந்தது. விற்பது தப்பில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருடம் கழித்து விற்றார், நிம்மதியாக இருக்கிறார். முதல் மாதங்களில் மட்டும், சொல்லும் விலையை எழுதிக்கொண்டு பதில் சொல்லாமல் வைத்துவிடுங்கள். எனக்கு வந்த முதல் விலை அந்த நோட்டின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. பதிலுக்கென்று விட்ட இரண்டு கோடும் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.