ஜெல் ஷிஃப்ட் சோதனை: பேண்ட் சரி, கே.டி. மட்டும் ஏன் தப்பு?

புரதம் டி.என்.ஏ.வை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளக்க, 1981-இல் ஃபிரைடும் குரோதர்ஸும் ஈ.கோலை பாக்டீரியாவின் லாக் ஒடுக்கி என்ற புரதத்தை வைத்துச் செய்து காட்டிய ஜெல் ஷிஃப்ட் முறை இன்றும் கைகொடுக்கிறது. புரதம் ஒட்டிய டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்ந்து, தனி டி.என்.ஏ.வுக்கு மேலே வேறொரு பட்டையாக (பேண்ட்) நிற்கும். பேண்ட் பளிச்சென்று வந்துவிடும், அதிலிருந்து எடுக்கும் கே.டி. (பிடியின் இறுக்கத்தைச் சொல்லும் எண்; சிறிதாக இருந்தால் பிடி இறுக்கம்) தப்பாக இருக்கும். பல ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான்.

முதல் தவறு, ப்ரோப் டி.என்.ஏ.வை, அதாவது அடையாளமிட்டுச் சோதிக்கும் டி.என்.ஏ. துண்டை, அள்ளிப் போடுவது. பாதி டி.என்.ஏ. பிணையும் புரத அளவைக் கே.டி. என்று சொல்ல வேண்டுமானால், ப்ரோப் அந்தக் கே.டி.யில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உண்மையான கே.டி. 1 நானோமோலார், ப்ரோப் 20 நானோமோலார் என்று வையுங்கள். பாதி ப்ரோப்பில் ஒட்டிக்கொள்ளவே 10 நானோமோலார் புரதம் போய்விடும். அதற்கு மேல் 1 நானோமோலார் ஒட்டாமல் மிஞ்ச வேண்டும். நீங்கள் 11 என்று குறித்துக்கொள்வீர்கள். ப்ரோப் 0.1 நானோமோலார் என்றால் 1.05 வரும். ப்ரோப்பை ஐந்து மடங்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். எண் நகர்ந்தால் அது கே.டி. அல்ல.

அடுத்தது, புரதத்தையும் ப்ரோப்பையும் கலந்து எப்போதும் 20 நிமிடம் மட்டும் வைக்கும் பழக்கம். புரதம் டி.என்.ஏ.வை விட்டுப் பிரியும் வேகம் நொடிக்கு 0.001 என்றால் அரை ஆயுள் சுமார் 11.5 நிமிடம். சமநிலைக்கு ஐந்து அரை ஆயுள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். புரதம் அதிகமுள்ள குழாய்கள் சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடும், குறைவானவை பின்தங்கும். அதனால் பிணைப்பு உள்ளதைவிடப் பலவீனமாகத் தெரியும். புரதம் மிகக் குறைவான குழாயை 30, 60, 120 நிமிடங்களில் பாருங்கள்.

பல புரதங்கள் கலந்த அணுக்கருச் சாற்றைச் சோதித்தால், மற்ற புரதங்கள் ப்ரோப்பில் கண்டபடி ஒட்டாமல் இருக்க, 20 மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் பாலி டி.ஐ.-டி.சி. என்ற செயற்கை டி.என்.ஏ.வைச் சேர்ப்பது வழக்கம், அதுவும் ப்ரோப்புக்கு முன்பே. சுத்திகரித்த புரதத்துக்கும் அதையே போட்டால் அது புரதத்தைப் பறித்துக்கொள்ளும். ப்ரோப் ஆர்.என்.ஏ. என்றால் அதற்குப் பதில் ஈஸ்ட் டி.ஆர்.என்.ஏ. பொருத்தம்; ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை அடக்கும் ஆர்.என்.ஏஸ் தடுப்பானையும் மறக்க வேண்டாம்.

ஜெல் 6 சதவீதம், 0.5 மடங்கு டி.பி.இ. தாங்கல் கரைசல், குளிர் அறை, 100 வோல்ட். புரதத்தின் வடிவத்தைக் குலைக்கும் எஸ்.டி.எஸ். உள்ள சாயம் கூடவே கூடாது. இரு பேண்டுகளுக்கு நடுவே இழுவல் தெரிந்தால், ஓடும்போதே பிணைப்பு அவிழ்கிறது என்று பொருள். அப்போது மேல் பேண்டை நம்பாமல், தனி ப்ரோப் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுங்கள்.

புரதம் முழுவதும் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கே.டி.யைப் போல 50 மடங்கு டி.என்.ஏ. வைத்துப் புரதத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒன்றுக்கு ஒன்று பிணையும் புரதம், இரண்டு பங்கு புரதத்துக்கு ஒரு பங்கு டி.என்.ஏ. என்ற விகிதத்தில்தான் நிறைவடைகிறது என்றால் பாதிப் புரதம் செயலற்றது. கே.டி.யையும் பாதியாக்கி எழுத வேண்டும்.